லாபம் யார் பையிலிருந்து வருகிறது?

2024 அக்டோபர் 29. தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள். மும்பை பங்குச்சந்தையின் திரையில் ‘எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ்’ என்ற பெயருக்கு நேரே 2,36,250 ரூபாய் என்று ஒரு விலை வந்து நின்றது. ஒரே ஒரு பங்கின் விலை. அதற்குமுன் அந்தப் பங்கு கைமாறியது ஜூன் மாதத்தில். அப்போதைய விலை 3 ரூபாய் 53 காசு. இடைப்பட்ட நான்கு மாதத்தில் அந்த நிறுவனம் தங்கச் சுரங்கம் எதையும் தோண்டிவிடவில்லை, புதிய ஆலையும் திறக்கவில்லை. சொல்லப்போனால் அதற்கு ஆலையே கிடையாது. ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்தின் பங்குகளைப் பல ஆயிரம் கோடி ரூபாய் மதிப்புக்கு வைத்துக்கொண்டு, அதில் வரும் டிவிடெண்டை வாங்கிக்கொண்டிருக்கும் நிறுவனம் அது.

எல்சிட்டின் மொத்தப் பங்குகளே 2 லட்சம்தான். 3 ரூபாய் 53 காசால் பெருக்கிப் பார்த்தால் முழு நிறுவனத்தின் விலை 7 லட்சம் ரூபாய். சின்னதாக ஒரு கார் வாங்கும் பணத்துக்குப் பல ஆயிரம் கோடி சொத்து! அந்த விலைக்கு வாங்க ஊரே தயார்; விற்கத்தான் ஆள் இல்லை. ஒரு நாளில் இவ்வளவுதான் ஏறலாம் என்ற வரம்பு இருந்ததால், விலை ஏறி நியாயமான இடத்துக்குப் போகவும் வழியில்லை. வியாபாரமே நடக்காமல் பழைய விலை மட்டும் திரையில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி முதலீட்டு நிறுவனங்களுக்கு வரம்பே இல்லாத சிறப்பு ஏலம் ஒன்றை நடத்த வழி செய்தது பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி. ஏலம் நடந்தது. வாங்குபவரும் விற்பவரும் ஒரு தொகையில் வந்து சந்தித்தார்கள்.

‘ஒரே நாளில் 67,000 மடங்கு’ என்று மறுநாள் வாட்ஸ்அப் குழுக்கள் அல்லோலகல்லோலப்பட்டன. ஆயிரம் ரூபாய் போட்டிருந்தால் இன்று எத்தனை கோடி என்று கணக்குப் போட்டுப் பெருமூச்சு விட்டவர்கள் பலர். அந்த ஆயிரம் ரூபாயைக் கொண்டுபோய் நீட்டியிருந்தாலும் அவர்களுக்கு ஒரு பங்குகூடக் கிடைத்திருக்காது என்பதுதான் உண்மை. பங்கின் விலை என்று நாம் சொல்வது, கடைசியாக யாரோ இரண்டு பேர் ஒத்துக்கொண்ட தொகை. அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

எல்சிட் வரும்வரை இந்தியாவின் விலையுயர்ந்த பங்கு என்ற பெயர் சென்னையைச் சேர்ந்த எம்.ஆர்.எஃப். நிறுவனத்திடம் இருந்தது. 1946இல் திருவொற்றியூரில் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய இடம், டயர் கம்பெனியாக வளர்ந்தது; 2023 ஜூனில் அதன் ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. அதே சமயத்தில் ஐ.டி.சி. பங்கின் விலை ஏறத்தாழ 450 ரூபாய். அப்படியானால் எம்.ஆர்.எஃப். பெரிய நிறுவனமா? இல்லை. எம்.ஆர்.எஃப்.பின் மொத்தப் பங்குகள் சுமார் 42 லட்சம். மொத்த மதிப்பு 42,000 கோடி ரூபாய்ச் சொச்சம். ஐ.டி.சி.க்கோ 1,200 கோடிக்கு மேற்பட்ட பங்குகள். மதிப்பு 5 லட்சம் கோடியைத் தாண்டும். ‘பத்து ரூபாய்ப் பங்கு சல்லிசு, லட்ச ரூபாய்ப் பங்கு விலை அதிகம்’ என்று நினைப்பவர்கள் இன்னமும் ஏராளம். புதிதாக டீமேட் என்ற மின்னணுப் பங்குக் கணக்கு திறப்பவர்களைப் பத்து ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் விற்கும் உப்புமா கம்பெனிப் பங்குகள் இழுப்பது இந்த நினைப்பால்தான்.

திரைக்குப் பின்னால்

காலை 9.15 முதல் மாலை 3.30 வரை நடப்பது என்ன? ஒருவர் செல்போனில் ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்துகிறார். அவருடைய ஆர்டர் தரகு நிறுவனம் வழியாக சந்தையின் கணினிக்குப் போகிறது. அங்கே ஒவ்வொரு பங்குக்கும் இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்றில் ‘இந்த விலைக்கு வாங்கத் தயார்’ என்பவர்கள். இன்னொன்றில் ‘இந்த விலைக்கு விற்கத் தயார்’ என்பவர்கள். அதிக விலை தருபவர் வாங்கும் வரிசையில் முன்னால் நிற்பார். குறைந்த விலைக்குக் கொடுப்பவர் விற்கும் வரிசையில் முன்னால் நிற்பார். இருவர் விலையும் ஒன்றே என்றால் யார் முதலில் வந்தாரோ அவருக்கு முன்னுரிமை. இரண்டு வரிசையின் தலைகளும் தொட்டுக்கொண்டால் வியாபாரம் முடிந்தது. ‘என்ன விலையானாலும் சரி’ என்று மார்க்கெட் ஆர்டர் போடுபவர் எதிர் வரிசையில் கிடைப்பதை எல்லாம் வாரிக்கொண்டு போவார். அதிகம் கைமாறாத பங்கில் அப்படிச் செய்தால், திரையில் பார்த்த விலை ஒன்றாகவும் கொடுத்த விலை வேறாகவும் இருக்கும். ‘இதற்கு மேல் ஒரு பைசா தர மாட்டேன்’ என்று லிமிட் ஆர்டர் போடுவது கொஞ்சம் பொறுமையைக் கேட்கும். ஆனால் பையைக் காப்பாற்றும்.

விற்றவர் யார் என்று வாங்கியவருக்குத் தெரியாது. தூத்துக்குடிக்காரர் வாங்கிய பங்கு லூதியானாக்காரருடையதாக இருக்கலாம், சிங்கப்பூரில் இருக்கும் ஒரு ஃபண்டுடையதாகவும் இருக்கலாம். முன்பின் தெரியாத இருவரும் ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க நடுவில் கிளியரிங் கார்ப்பரேஷன் என்ற அமைப்பு புகுந்து, விற்றவருக்குத் தானே வாங்குபவராகவும், வாங்கியவருக்குத் தானே விற்பவராகவும் மாறிவிடுகிறது. ஒரு பக்கம் கைவிரித்தாலும் மறுபக்கத்துக்குப் பணமோ பங்கோ போய்ச் சேர்ந்தாக வேண்டும். 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளுக்கும் மறுநாளே கணக்குத் தீர்ந்துவிடுகிறது.

இந்த நிலைக்கு வர நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. பம்பாயில் ஆலமரத்தடியில் கூடி வியாபாரம் செய்துகொண்டிருந்த தரகர்கள் 1875இல் சங்கம் அமைத்தார்கள். அதற்குள்ளேயே ஒரு பெரிய வெறியையும் வீழ்ச்சியையும் பார்த்திருந்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரால் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வரவில்லை. இந்தியப் பருத்திக்கு மவுசு கூடி பம்பாயில் பணம் கொட்டியது. கடலைத் தூர்த்து நிலமாக்கப் புறப்பட்ட பேக்பே நிறுவனத்தின் 5,000 ரூபாய்ப் பங்கு 50,000 வரை போனது. 1865இல் போர் முடிந்தது; கட்டிய கோட்டை எல்லாம் சரிந்தது. பருத்தி ராஜா பிரேம்சந்த் ராய்சந்த் தன் தாயின் பெயரில் நன்கொடை கொடுத்து எழுப்பிய ராஜாபாய் கோபுரம் மட்டும் மும்பைப் பல்கலைக்கழக வளாகத்தில் இன்னும் நிற்கிறது.

சென்னைக்கும் சொந்தமாக ஒரு பங்குச்சந்தை இருந்தது. 1920இல் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டு, 1937இல் மறுபடி பிறந்தது. செகண்ட் லைன் பீச்சில் இருந்த அந்தச் சந்தை 2015இல் தொழிலைவிட்டு விலகியது. 1991இல் தொடங்கிய கோயம்புத்தூர் பங்குச்சந்தைக்கும் அதே கதி. இரண்டையும் காலி செய்தது தேசியப் பங்குச்சந்தை. 1994இல் அது செயற்கைக்கோள் இணைப்போடு கணினித் திரையில் வியாபாரத்தைத் தொடங்கியதும், எந்த ஊரில் உட்கார்ந்தாலும் ஒரே விலை என்றாகிவிட்டது. உள்ளூர்ச் சந்தைக்கு என்ன வேலை?

தேசியப் பங்குச்சந்தை அத்தனை வேகமாக எழுந்ததற்கு 1992ஆம் ஆண்டும் ஒரு காரணம். வங்கிகள் தங்களுக்குள் அரசுக் கடன் பத்திரங்களை வாங்கி விற்கும் இடத்தில் தரகராக நுழைந்த ஹர்ஷத் மேத்தா, கைமாறும் இடைவெளியில் வங்கிப் பணத்தைப் பங்குகளில் இறக்கினார். பின்புலமே இல்லாத வங்கி ரசீதுகளும் புழங்கின. ஏ.சி.சி. சிமென்ட் பங்கு 200 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய்க்குப் பறந்தது. ஏப்ரல் மாதம் பத்திரிகையாளர் சுசேதா தலால் இந்த மோசடியை அம்பலப்படுத்தினார். அந்த நேரத்தில் 4,467 புள்ளியில் உச்சத்தில் இருந்த மும்பை பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் பிறகு சரிந்தது. செபிக்குச் சட்ட அதிகாரம் கிடைத்தே அப்போது சில மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்து 1996இல் டெபாசிட்டரி சட்டம் வந்தது. காகிதப் பங்குப் பத்திரங்கள் மின்னணுக் கணக்காக மாறின. தபாலில் தொலைந்த பத்திரம், ஒத்துப்போகாத கையெழுத்து, போலிச் சான்றிதழ் என்று ஒரு தலைமுறை பட்ட பாடு ஓய்ந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு பங்கு 25 ரூபாய்

பங்கு என்றால் என்ன என்பதைச் சொல்ல மும்பைவரை போக வேண்டியதில்லை. 1906 அக்டோபரில் பதிவான சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். தலா 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஓடியாடிப் பங்கு விற்றவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்ச ரூபாய்க்கு 8,000 பங்குகள் எடுத்தார். அந்தப் பணத்தில் காலியா, லாவோ என்ற கப்பல்கள் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின.

25 ரூபாய் கொடுத்தவருக்குக் கம்பெனி வட்டி தருவதாகச் சொல்லவில்லை. அசலைத் திருப்பித் தருவதாகவும் சொல்லவில்லை. கப்பல் லாபத்தில் ஓடினால் அதில் அவருக்கு நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு, ஓடாவிட்டால் ஒன்றுமில்லை. கம்பெனி கடனில் மூழ்கினாலும் அவருடைய வீட்டைத் தேடி யாரும் வர மாட்டார்கள். போவது 25 ரூபாயோடு போய்விடும். இன்று தேசியப் பங்குச்சந்தையில் வாங்கும் பங்குக்கும் இதே ஒப்பந்தம்தான்.

சுதேசிக் கம்பெனிக்கு எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன். கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்பார்கள். எவ்வளவு காலமானாலும் நஷ்டத்தைத் தாங்கும் மூலதனம் அவர்களிடம் இருந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. இது அரசியல் அடக்குமுறையின் கதை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பங்கு போட்டவரின் கணக்கில் பார்த்தால், போட்டியாளரின் பண பலம், அரசின் போக்கு, ஒரே மனிதரை நம்பியிருந்த நிர்வாகம் என்று இன்று ஒரு நிறுவனத்தை ஆராயும் ஃபண்டு மேனேஜர் கேட்கும் கேள்விகள் எல்லாமே அதில் இருக்கின்றன.

வெளியீட்டில் பங்கு வாங்குவதும் சந்தையில் வாங்குவதும் ஒன்றல்ல. வ.உ.சி.யிடம் கொடுத்த பணம் கப்பலானது. இன்று சந்தையில் எம்.ஆர்.எஃப். பங்கை வாங்கினால் அந்த நிறுவனத்துக்கு ஒரு பைசா போகாது; பழைய பங்குதாரர் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார், அவ்வளவே. புதிய வெளியீடுகளிலும் எல்லாப் பணமும் தொழிலுக்குப் போவதில்லை. 2022 மே மாதம் எல்.ஐ.சி. பங்கு வெளியீட்டுக்கு வந்தபோது பாலிசிதாரர்கள் அதற்காகவே டீமேட் கணக்கு திறந்தார்கள். விலை 949 ரூபாய். பாலிசிதாரர்களுக்கு 60 ரூபாய் தள்ளுபடி. திரட்டிய ஏறத்தாழ 21,000 கோடியும் மத்திய அரசுக்கே போனது, ஏனென்றால் விற்றது அரசின் கையிலிருந்த 3.5 சதவீதப் பங்கை. மே 17 அன்று சந்தைக்கு வந்தபோது தொடக்க விலை 867 ரூபாய். தள்ளுபடியைக் கழித்த பிறகும் பாலிசிதாரருக்கு முதல் நாளே நஷ்டம். நல்ல நிறுவனம் என்பது வேறு, கொடுக்கும் விலை சரியா என்பது வேறு.

கடன் கொடுப்பவர்கள்

பங்கு போடுபவர் கூட்டாளி. பாண்டு வாங்குபவர் கடன் கொடுத்தவர். வங்கியில் எஃப்.டி. போடுபவரும் கடன் கொடுத்தவர்தான், வங்கி அதை வீட்டுக் கடனாகவும் தொழில் கடனாகவும் சுற்றுக்கு விடுகிறது. அவருக்கு வரும் வட்டி, யாரோ கட்டும் மாதத் தவணையிலிருந்து வருகிறது. வங்கியே கவிழ்ந்தால் 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு.

தமிழக அரசும் இந்தக் கடன் சந்தையின் வாடிக்கையாளர். ரிசர்வ் வங்கி பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் மாநில அரசுகளின் கடன் பத்திரங்களை ஏலம் விடுகிறது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வருங்கால வைப்பு நிதிகளும் வாங்குகின்றன. எல்.ஐ.சி. பிரீமியம் கட்டும் குடும்பத் தலைவி, தனக்கே தெரியாமல் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

பாண்டு என்றாலே பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 100 ரூபாய்ப் பத்திரம், ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி, பத்து ஆண்டு தவணை. வாங்கிய மறுநாளே சந்தையில் வட்டி 8 சதவீதமாகிவிட்டால்? 8 ரூபாய் தரும் புதிய பத்திரம் கிடைக்கும்போது 7 ரூபாய் தருவதை யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டார்கள். அதன் விலை 93 ரூபாய்ச் சொச்சத்துக்கு இறங்கிவிடும். பத்து ஆண்டும் வைத்திருந்தால் 100 ரூபாய் முழுசாக வரும். நடுவில் விற்றால் அடி. வட்டி ஏறினால் பழைய பாண்டின் விலை இறங்கும், வட்டி இறங்கினால் விலை ஏறும். ரிசர்வ் வங்கி கவர்னர் வாயைத் திறக்கும் நாளில் சந்தையே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

வட்டி ஒரு ஆபத்து என்றால், கடன் வாங்கியவர் திருப்பித் தருவாரா என்பது இன்னொன்று. நினைத்தபோது விற்க முடியுமா என்பது மூன்றாவது. 2020 ஏப்ரல் 23 அன்று, ஊரடங்கின் நடுவே, மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனமான ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் தன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடுவதாக அறிவித்தது. 25,000 கோடிக்கு மேல் பணம் முடங்கியது. எஃப்.டி.க்கு மாற்று என்று சொல்லி வாங்கவைக்கப்பட்ட ஓய்வூதியர்கள் பலர் அதில் இருந்தார்கள். பணம் பிறகு தவணை தவணையாகத் திரும்பி வந்தது. ஆனால் அன்று மருத்துவச் செலவுக்குத் தேவைப்பட்டவருக்கு அது உதவவில்லை.

காத்திருப்பின் கணக்கு

சென்செக்ஸ், 1978-79ஆம் ஆண்டை 100 என்று வைத்துக் கணக்கிடும் குறியீடு. 2024 ஜூலையில் அது 80,000ஐத் தாண்டியது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் 800 மடங்கு. கூட்டுவட்டிக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 16 சதவீதம், டிவிடெண்ட் தனி. இந்த எண்ணைத்தான் எல்லா முதலீட்டு ஆலோசகர்களும் முதலில் காட்டுவார்கள். அவர்கள் காட்டாத எண்ணும் உண்டு. 1992 ஏப்ரலில் 4,467இல் இருந்த சென்செக்ஸ், 2003 ஏப்ரலில் 3,000க்குக் கீழே இருந்தது. பதினொரு ஆண்டு காத்திருந்தவருக்கு அசலே இல்லை. ஜப்பானின் நிக்கேய் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் திரும்பப் பார்த்தது 2024 பிப்ரவரியில். முப்பத்து நான்கு ஆண்டுகள்! ‘நீண்ட காலம் காத்திருந்தால் நஷ்டமே வராது’ என்பவரிடம், எவ்வளவு நீண்ட காலம் என்று கேட்பது நல்லது.

உச்சத்தில் மொத்தமாகக் கொட்டியவருக்கும் மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டவருக்கும் அனுபவம் வேறு. விலை இறங்கிய மாதத்தில் அதே பணத்துக்கு யூனிட்டுகள் அதிகமாகக் கிடைக்கின்றன. எஸ்.ஐ.பி. என்ற முறை இதைத்தான் செய்கிறது. 2016-17இல் ஆண்டு முழுவதும் எஸ்.ஐ.பி.யில் வந்த பணம் 44,000 கோடி ரூபாய். 2024இல் ஒரே மாதத்தில் 20,000 கோடியைத் தாண்டியது. 2020 மார்ச்சில் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் நான்கே ஆண்டில் 15 கோடியாயின. இவர்களில் பெரும்பாலானவர்கள் நீண்ட இறங்குமுகச் சந்தை ஒன்றைப் பார்த்ததில்லை. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது, நடுவில் 45 நிமிடம் சந்தையே நிறுத்தப்பட்டது. ஆனால் அந்தக் காயம் சில மாதங்களில் ஆறிவிட்டது. 1992க்குப் பிந்தைய பதினொரு ஆண்டு மாதிரி ஒன்று வந்தால் இந்த எஸ்.ஐ.பி.கள் தொடருமா என்பது யாராலும் சொல்ல முடியாத கேள்வி.

மியூச்சுவல் ஃபண்ட் தொழிலில் சென்னைக்கு ஒரு தனி இடம் உண்டு. நாட்டின் முதல் தனியார் ஃபண்டான கோத்தாரி பயனியர் 1993இல் இங்கிருந்துதான் புறப்பட்டது. பின்னாளில் அது ஃபிராங்க்ளின் டெம்பிள்டனுக்குக் கைமாறியது. இந்திய மியூச்சுவல் ஃபண்ட் சொத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குக் கணக்கு எழுதும் கேம்ஸ் நிறுவனமும் சென்னையுடையது.

விளம்பரத்தின் கடைசியில் மூச்சுவிடாமல் ஓட்டப்படும் ‘சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது’ என்ற எச்சரிக்கையை எல்லோரும் கேட்டிருப்பார்கள். கட்டணத்தைப் பற்றி அதே வேகத்தில்கூட யாரும் சொல்வதில்லை. மாதம் 5,000 ரூபாய் வீதம் 25 ஆண்டு போடுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 சதவீதம் கிடைத்தால் கையில் சுமார் 94 லட்சம். கமிஷனும் கட்டணமுமாக ஒரே ஒரு சதவீதம் கழன்று 11 சதவீதமானால் 79 லட்சம். போட்ட அசல் மொத்தமே 15 லட்சம். கட்டணம் தின்றதும் 15 லட்சம். 2013 முதல் ஒவ்வொரு ஃபண்டிலும் தரகர் கமிஷன் இல்லாத ‘டைரக்ட்’ பிளான் இருக்கிறது. அதைப் பற்றி முகவர் வாய் திறக்காததில் ஆச்சரியம் இல்லை. அதே சமயம், சந்தை விழும் நாளில் ‘விற்காதீங்க சார்’ என்று போனில் பிடித்து நிறுத்தும் முகவர் அந்தக் கமிஷனுக்குத் தகுதியானவர்தான்.

அடுத்தவர் பணம்

இதுவரை பார்த்ததில் லாபத்துக்கு ஒரு ஊற்று இருந்தது. டயர் விற்ற லாபம், வீட்டுக் கடன்காரர் கட்டிய வட்டி, அரசு வசூலித்த வரி. பதிவு பெற்ற ஏலச்சீட்டிலும் ஊற்று எது என்று தெரியும்: அவசரத்துக்குத் தள்ளி எடுத்தவர் விட்டுக்கொடுத்த தொகைதான் மற்றவர்களின் கழிவு. தங்கத்தில் அந்த ஊற்று கிடையாது. பீரோவில் இருக்கும் பவுன் குட்டி போடாது, நாளைக்கு வாங்குபவர் அதிகம் கொடுப்பார் என்ற நம்பிக்கை மட்டும்தான். ஆனால் ஆயிரம் ஆண்டாக அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்க்கவில்லை என்பதால் அதை விட்டுவிடலாம்.

ஊற்றே இல்லாத இடங்கள்தான் ஆபத்து. சென்னை அமைந்தகரையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா கோல்டு டிரேடிங், மாதம் 25 முதல் 30 சதவீத வட்டி என்று சொல்லி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியது என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசாரின் வழக்கு. மாதம் 25 சதவீதம் என்றால் எவ்வளவு? ஒரு லட்சத்தை வட்டியோடு சுழலவிட்டால் ஆண்டு முடிவில் பதினான்கரை லட்சம். இந்த லாபத்தைத் தரும் தொழில் பூமியில் இருந்தால், அதன் முதலாளி தெருத்தெருவாக டெபாசிட் கேட்டு அலைய மாட்டார். முதல் மாத வட்டி தவறாமல் வரும். இரண்டாம் மாதமும் வரும். அது பின்னால் வரிசையில் நிற்பவரின் அசல். வந்த வட்டியைப் பார்த்து மச்சானும் மாமனாரும் சேர்வார்கள். வரிசை நின்ற அன்று கதை முடிந்துவிடும்.

2012இல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்ததும் இதே கணக்கில்தான். பறவை கண்ணெதிரே நின்றதால் அதைத் தொழில் என்று நம்பினார்கள். ஆனால் ஈமு கறிக்குச் சந்தை இல்லை. மாதாமாதம் வந்த ‘பராமரிப்புப் பணம்’ புதிதாகச் சேர்ந்தவர்களுடையது. கடைசியில் பட்டினி கிடந்த பறவைகளுக்குத் தீவனம் போடும் வேலை கால்நடைத் துறையின் தலையில் விழுந்தது. முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தமிழகத்தில் 1997லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பங்கிட்டுக் கொடுப்பதற்குள் டெபாசிட் போட்டவரின் பேரன் கல்லூரிக்குப் போய்விடுவான்.

இன்னொரு வகையும் உண்டு. அது சட்டத்துக்கு உட்பட்டது, செல்போனில் இரண்டு விரலில் முடிவது. எஃப் அண்ட் ஓ என்று இளைஞர்கள் சொல்லும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம். இவை பிறந்தது நியாயமான காரணத்துக்கு: கையில் இருக்கும் பங்குகளின் விலை இறங்கிவிடுமோ என்று அஞ்சுபவர், ஒரு சின்னத் தொகையைக் கொடுத்து அந்த ஆபத்தை இன்னொருவர் தலையில் ஏற்றிவிடலாம். ஆனால் கையில் ஒரு பங்குகூட இல்லாமல், ஒப்பந்தம் முடியும் நாளின் மதியம் தேசியப் பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி ஏறுமா இறங்குமா என்று கட்டும் பணத்துக்குப் பின்னால் டயரும் இல்லை, கப்பலும் இல்லை. ஒருவர் ஜெயித்த ரூபாய் இன்னொருவர் தோற்ற ரூபாய். நடுவில் தரகு, சந்தைக் கட்டணம், வரி.

யார் தோற்றார்கள் என்பதை செபியே கணக்கெடுத்தது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் இந்த வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2023-24இல் மட்டும், கட்டணங்களைக் கழிக்கும் முன்பே, தனிநபர்கள் 61,000 கோடி இழந்தார்கள். அதே ஆண்டில் தரகு நிறுவனங்கள் சொந்தக் கணக்கில் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 28,000 கோடியும் லாபம் பார்த்தார்கள். இரண்டையும் கூட்டினால் 61,000 கோடி. அந்த லாபத்தில் பெரும்பகுதி கணினி நிரல்கள் ஈட்டியது. எதிரே உட்கார்ந்திருந்த தனிநபர்களில் நான்கில் மூவரின் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்கும் குறைவு. பத்தில் நான்கு பேருக்கு மேல் முப்பது வயதைத் தாண்டாதவர்கள்.

2024 நவம்பர் முதல் செபி கடிவாளம் போட்டது. ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தியது. வாரந்தோறும் முடியும் ஒப்பந்தங்களை ஒரு சந்தைக்கு ஒரு குறியீடு என்று குறைத்தது. 2025 ஜூலையில் அமெரிக்காவின் ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனம், ஒப்பந்தம் முடியும் நாட்களில் குறியீட்டை வளைத்து லாபம் பார்த்தது என்று குற்றம்சாட்டி, 4,843 கோடி ரூபாயை முடக்க செபி இடைக்கால உத்தரவு போட்டது. நிறுவனம் அதை மறுத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. அதே மாதம் செபி வெளியிட்ட புதிய கணக்கின்படி, 2024-25இல் தனிநபர்களின் நிகர நஷ்டம் 1,05,603 கோடி ரூபாய். முந்தைய ஆண்டைவிட 41 சதவீதம் கூடுதல். நஷ்டப்பட்டவர்கள் நூற்றுக்கு 91 பேர்.